ஆறாத புண்ணும் அடங்காத கிருமியும்

காலில் புண்ணோடு ஒரு சர்க்கரை நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது, அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத வயது ஆகியிருக்கும். அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். முதலில் மருந்துக்கடையில் "புண்ணு ஆற மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிய மூன்று நாள் மாத்திரை. பிறகு பக்கத்து கிளினிக்கில் வேறொரு மாத்திரையும் ஊசியும். கொஞ்சம் வற்றிய மாதிரி இருந்தது, மறுபடி சீழ் வைத்தது. அடுத்து இன்னும் 'பவர்' கூடிய மாத்திரை. நடுவில் மேலே தூவ ஒரு பவுடர். கடைசியில் விரல் கறுத்து, வாடை அடிக்க ஆரம்பித்த பிறகு வீட்டார் பயந்துபோய்க் கூட்டி வருகிறார்கள். புண்ணிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால், பட்டியலில் உள்ள மாத்திரைகளில் முக்கால்வாசிக்கு நேராக 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து இருக்கிறது. ரெசிஸ்டன்ட். அந்தக் கிருமியிடம் அந்த மருந்து இனி செல்லாது.

தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சர்க்கரை நோய்ப் பிரிவில் போய் உட்கார்ந்தாலும் இந்த வரிசையைக் கேட்கலாம். எந்த மருந்தை முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்று யோசிப்பதில் பயனில்லை. ஆன்டிபயாடிக்கால் ஆகாத வேலையை அதனிடம் ஒப்படைத்ததுதான் பிழை. கத்தி செய்ய வேண்டியதை, செருப்பு செய்ய வேண்டியதை, இன்சுலின் செய்ய வேண்டியதை மாத்திரை செய்துவிடும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் காலும் போகிறது, மருந்தும் போகிறது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. புதுச்சேரியில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கு, வாழ்நாளில் ஒரு முறையாவது பாதத்தில் புண் வரும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. அந்தப் புண்களில் ஏறக்குறைய பாதியில் கிருமித்தொற்று ஏறுகிறது. சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அதற்கு முன் ஒரு சின்னப் புண் இருந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழோ மேலோ கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐந்தாண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பல புற்றுநோய்களைவிட இது மோசமான கணக்கு. ஆனாலும் புற்றுநோய்க்கு இருக்கும் பயம் காலில் இருக்கும் புண்ணுக்கு நம் வீடுகளில் இல்லை.

வலிக்காத கால்

பயம் இல்லாததற்குக் காரணம், அது வலிப்பதில்லை. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் பாதத்தின் நரம்புகள் முதலில் கெடுகின்றன. முள் குத்தினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுட்டதும், பைக் சைலன்சர் சுட்டதும், ஆற வைத்ததாக நினைத்த வெந்நீரில் கால் வெந்ததும் தெரியாது. இரவில் எலி விரலைக் கடித்து, காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். பாதத்தின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புகளும் கெடுவதால் விரல்கள் மடங்கி, எடை ஒரே இடத்தில் விழுகிறது. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்க்கிறது. காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி, வெளியே தெரியாமல் புண்ணாகிறது. வியர்வைச் சுரப்பு நின்றுபோவதால் குதிகால் வறண்டு வெடிக்கிறது. கிருமி உள்ளே போக அந்த வெடிப்பு போதும்.

கூடவே ரத்தக்குழாய் அடைப்பும் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். மாத்திரையோ ஊசியோ, மருந்து புண்ணுக்குப் போய்ச் சேர்வது ரத்தத்தின் வழியாகத்தான். ரத்தம் எட்டிப்பார்க்காத விரலுக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்கும் அரைகுறையாகவே போய்ச் சேரும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் கிருமிக்கு அந்த மருந்தை அறிமுகப்படுத்திவிடப் போதுமான அளவு. எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமிகள் வளர்வதற்கு இதைவிட வசதியான இடம் உடலில் குறைவு.

புண்ணில் ஒரே ஒரு கிருமி இருப்பதும் அபூர்வம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் புண்களில் முதலிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, தோலில் வாழும் கிருமிக்கு. நம் ஊர்ப் புண்களில் அதோடு சூடோமோனாஸ், ஈ.கோலி, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் என்று கிராம் நெகட்டிவ் வகைக் கிருமிகள் முந்தி நிற்கின்றன. தண்ணீரிலும் சேற்றிலும் நம் குடலிலும் வாழ்பவை இவை. ஆழமான, அழுகிய புண்ணாக இருந்தால் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். அந்தத் துர்நாற்றம் பெரும்பாலும் அவற்றால்தான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 80 நோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்து 2006-ல் 'டயபெடிஸ் கேர்' இதழில் எழுதினார்கள். அவர்களில் 72 சதவீதம் பேரின் புண்ணில், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரம் இது.

இந்தக் கிருமிகள் புண்ணின் தரையில் ஒரு வழவழப்பான படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. குளத்துப் படிக்கட்டில் படியும் பாசியைப் போன்றது அது. மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, சுரண்டினால்தான் போகும். பயோஃபிலிம் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தப் படலத்தின் அடியில் இருக்கும் கிருமிகள் பெருகாமல் கிட்டத்தட்ட உறக்கத்தில் கிடக்கின்றன. பெருகும் கிருமியைத் தாக்கும்படி அமைந்த மருந்துகள் அவற்றை அதிகம் தொடுவதில்லை. அங்கே நெருக்கமாக வாழும்போது ஓர் இனத்துக் கிருமி இன்னொரு இனத்துக்கு எதிர்ப்புச் சக்திக்கான மரபணுவையே கைமாற்றிவிடுகிறது. ஈ.கோலியிடம் இருந்தது நாளைக்கு கிளெப்சியெல்லாவிடம் இருக்கும். அதனால்தான் இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து கத்தி. செத்த சதையையும், காய்ப்பையும், படலத்தையும் அடிவரை சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு முறை எடுத்தால் போதாது. இரண்டு மூன்று நாளிலேயே படலம் மறுபடி கட்டத் தொடங்கும் என்பதால், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். "கட்டு மாத்துறது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வேலையில் உண்மையில் பாதி இந்தச் சுரண்டல்தான். அதைச் செய்யாமல் மேலே மருந்து தடவி, பஞ்சு வைத்துக் கட்டிவிடும் டிரஸ்ஸிங் நோயாளிக்கு ஆறுதல் தரும். புண்ணுக்கு ஒன்றும் தராது.

பஞ்சுக் குச்சி சொல்லும் பொய்

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை வைத்துத்தான் மருந்து முடிவாகிறது. அந்த ரிப்போர்ட் எங்கிருந்து எடுத்த மாதிரியில் பிறந்தது என்பதை நோயாளியும் உறவினரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல இடங்களில் நடப்பது இது: கட்டைப் பிரிக்கிறார்கள், மேலே ஊறி நிற்கும் சீழில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தொட்டு, குழாயில் போட்டு அனுப்புகிறார்கள். மேலே மிதக்கும் கிருமி எதுவாகவும் இருக்கலாம். தோலில் சும்மா குடியிருக்கும் கிருமி, கட்டுத்துணியில் வளர்ந்தது, பக்கத்துக் கட்டிலிலிருந்து கையோடு வந்தது என எல்லாம் அந்தப் பஞ்சில் ஏறும். ரிப்போர்ட்டில் நான்கு கிருமிகள் வரும். நான்குக்கும் சேர்த்து இரண்டு பெரிய ஊசிகள் எழுதப்படும். உண்மையில் எலும்பை அரித்துக்கொண்டிருந்த ஐந்தாவது கிருமி அந்தப் பஞ்சில் ஏறவே இல்லை.

சரியான முறை சற்று மெனக்கெட வேண்டியது. புண்ணை முதலில் உப்புநீரால் நன்றாகக் கழுவ வேண்டும். மேலே உள்ள சீழையும் செத்த சதையையும் எடுத்துவிட்டு, அடியில் உயிருள்ள சதை தெரிந்ததும் அங்கிருந்து க்யூரெட் என்ற சிறு கரண்டி போன்ற கருவியால் துளி சதையைச் சுரண்டியோ, பயாப்சி மாதிரி சின்னத் துண்டாக வெட்டியோ எடுக்க வேண்டும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, மழுங்கிய முனையுள்ள மெல்லிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். சதையாக இருந்தால் மெத்தென்று போகும். கம்பி 'டக்' என்று கடினமாக ஏதோ ஒன்றில் முட்டினால் எலும்பு வரை புண் போய்விட்டது. ஸ்கேனுக்கு முன்பே, படுக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது.

அந்தத் துளி சதை ஆய்வகத்துக்குப் போன பிறகு நடப்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. ஊட்டத்தட்டில் பரப்பி ஒரு இரவு கதகதப்பான பெட்டியில் வைத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். சூடோமோனாஸ் இருந்தால் தட்டே பச்சையடித்துப்போய், திராட்சை போல ஒரு வாசனை வரும். அதில் ஒரு புள்ளியை எடுத்து இன்னொரு வெளிர்மஞ்சள் தட்டு முழுக்கச் சீராகத் தேய்த்து, மேலே மிளகளவு காகித வில்லைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு ஆன்டிபயாடிக். மறுநாள் பார்த்தால், கேட்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருக்கும். கேட்காத மருந்தின் வில்லையை ஒட்டிக் கிருமி புல் மாதிரி மண்டியிருக்கும். வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்துதான் 'எஸ்' (கேட்கும்) என்றோ 'ஆர்' (கேட்காது) என்றோ எழுதுகிறார்கள். ஆக, ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். "என்ன சார், இன்னும் ரிசல்ட் வரலையா?" என்று ஆய்வகத்தில் சண்டை போடுவோர், கிருமி வளர்வதற்கு ஆகும் நேரம் அது என்று புரிந்துகொண்டால் நல்லது.

அந்த வட்டங்கள் சிறுத்து வருகின்றன என்பதுதான் கவலை. சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காதபோது, கடைசிக்கு முந்தைய ஆயுதமாக மருத்துவர்கள் எடுப்பது மெரோபெனம், இமிபெனம் முதலான கார்பபெனம் ஊசிகளை. ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பு வலையமைப்பின் கணக்கில், 2017-ல் இமிபெனத்துக்கு ஈ.கோலி கிருமிகளில் 81 சதவீதம் கட்டுப்பட்டன. 2023-ல் அது 63 சதவீதத்துக்கு அருகே இறங்கியிருக்கிறது. கார்பபெனத்தையே உடைத்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010-ல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த கட்டுரை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த நொதி இருந்தது. அந்த நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' என்று சேர்த்ததற்குப் பெரிய சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்த பிறகும் கிருமி இருக்கிறது. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில், ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுப்படுத்த 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை வெளியிட்டன. அந்த நகரம் பிரச்சினையையும் சொன்னது, வழியையும் சொன்னது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

எல்லாப் புண்ணுக்கும் மாத்திரை வேண்டாம்

உலகப் பாத மருத்துவ வல்லுநர்கள் 2023-ல் புதுப்பித்த வழிகாட்டுதலில் ஒரு விதி, நம் ஊரில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது: தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. புண் சீக்கிரம் ஆறட்டும் என்றும், தொற்று வராமல் தடுக்கலாம் என்றும் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. எல்லாத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கும். கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. வீக்கம், சுற்றிலும் சிவப்பு, சூடு, தொட்டால் வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அது தொற்று. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், மரத்த காலில் வலி தெரியாமல் போகலாம். ஆகவே புறங்கையை வைத்து இரண்டு பாதத்தின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சல் வரவில்லை என்று தைரியமாக இருக்கவும் கூடாது. கடுமையான தொற்றிலும் காய்ச்சல் அடிக்காமல் இருப்பது சர்க்கரை நோயாளிகளிடம் சகஜம். காரணம் தெரியாமல் சர்க்கரை திடீரென்று 300, 400 என்று ஏறினால் அதுவே காலில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் நடக்கிறது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது சார்கோ பாதமாக இருக்கலாம். நரம்பு கெட்டதால் பாத எலும்புகள் நொறுங்கும் நோய். அதைத் தொற்று என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போடப்படுவது உண்டு. அந்த நோயாளிக்குத் தேவையானது மாவுக்கட்டும் ஓய்வும். ஊசி போடும் அந்த வாரங்களில் அவர் அந்தக் காலை ஊன்றி நடக்க, எலும்பு இன்னும் உடைகிறது.

மாவுக்கட்டு என்றதும் இந்த மண்ணின் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைத்த அறுவை மருத்துவர். தொழுநோயில் விரல்கள் 'அழுகி விழுகின்றன' என்று ஊரே நம்பிய காலத்தில், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அழுத்தமும்தான் அவற்றைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். சிகிச்சை பெற்றவர்களின் விரல்கள் இரவில் காணாமல் போவதை ஆராய்ந்தபோது எலிகள் கடிப்பதைக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். புண்ணின் மீது விழும் எடையைப் பாதம் முழுவதும் பகிர்ந்துவிடும் மாவுக்கட்டு, 1930-களில் இந்தியாவில் ஜோசப் கான், கொழும்பில் மில்ராய் பால் ஆகிய மருத்துவர்கள் தொழுநோயாளிகளுக்குச் செய்து பார்த்தது. பிராண்ட் 1960-களில் அதை அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்குப் போனது. இன்று உலகம் முழுவதும், கடும் தொற்றும் ரத்த ஓட்டக் குறைவும் இல்லாத பாத அடிப் புண்ணுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையில் அதுவே முன்னிலையில் இருக்கிறது. அந்தப் புண்களில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடுகின்றன. அங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. நம்மிடம் பிறந்த இந்த வைத்தியம் நம் சிறு ஊர்களில் கிடைக்காமல் இருப்பதும், மெரோபெனம் ஊசி மட்டும் தாராளமாகக் கிடைப்பதும் எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று. தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும் அப்படியே. உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்பக்கப் பட்டை, ஆணி இல்லாத தையல். ஒரு வாரத்து ஊசிச் செலவுக்குப் பல ஜோடிகள் வாங்கலாம்.

தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும், உடனே வேண்டும். தோலிலும் சதையிலும் தொற்று என்றால் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம். எலும்பு கெட்டிருந்து, அதை வெட்டி எடுக்காவிட்டால் ஆறு வாரம். புண் முழுவதும் மூடும்வரை மருந்து தொடர வேண்டியதில்லை. தொற்று அடங்கியதும் நிறுத்தலாம் என்பது இப்போதைய மருத்துவ முடிவு. இந்த இடத்தில்தான் நம் ஊரில் மருந்து மாதக்கணக்கில் நீள்கிறது.

மருந்துக்கடைக்காரர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'ஷெட்யூல் எச்1' பட்டியலில் கார்பபெனம், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் உட்படப் பல ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குபவர் பெயரும் எழுதிய மருத்துவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேரளம் 2024-ல் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. தமிழ்நாட்டிலும் அதே கண்டிப்பு வர வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே தேவையில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதைவிட, கடையில் மாத்திரை வாங்குவது அவருக்கு மலிவாகத் தெரிகிறது. அந்தக் கணக்கை மாற்றும் அளவுக்குப் பாதச் சிகிச்சை அவர் ஊருக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அதற்கான அடிப்படை இங்கே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் பாதப் பரிசோதனையை அரசு மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது. மாத்திரை கொடுக்க வரும் பணியாளர் ஒரு நிமிடம் குனிந்து பாதத்தையும் பார்த்தால் பல கால்கள் தப்பும். பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதுதான் சோதனை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், எம்.பி.பி.எஸ். பட்டமும் வேண்டாம்.

புது மருந்து வராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபேக்டம், செஃபெபைம் மருந்தோடு சேர்த்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. ஆன்டிபயாடிக்கை உடைக்கும் நொதியை அது முடக்குகிறது. அனுமதி கிடைத்தது சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு. பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்புதான். ஆனால் இதையும் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, ரத்தம் போகாத விரலுக்கும் சுரண்டாத புண்ணுக்கும் அனுப்பினால், அதற்கு நேராகவும் 'ஆர்' விழ அதிக காலம் ஆகாது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்றிரவே பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், காய்ப்பு. அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள், கால் ஆணிக்கு ஆசிட் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். மாலை போட்டிருந்தாலும், பழனிக்கு நடந்தாலும், மரத்த காலோடு வெறுங்காலில் போகாதீர்கள். புண் தெரிந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "இது தொற்றா, சதை எடுத்து கல்ச்சர் போடுவீர்களா, காலில் எடை போடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் காட்டுங்கள்.